பொதுத்தேர்வுக் காலம்: ஜனவரி முதல் மே வரை பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்துவிட்டால், பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ பிள்ளை இருக்கும் வீட்டில் பேச்சே மாறிவிடும். முதல் திருப்புதல் தேர்வு, இரண்டாம் திருப்புதல் தேர்வு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு என்று மூச்சு விட இடமில்லாமல் வரும். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் டியூஷன். பாடம் நடத்தவும் கண்டிக்கவும் பிள்ளையைச் சுற்றி ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். நேரத்துக்குத் தூங்க வைப்பதற்கும், தேர்வு எப்படிப் போனாலும் இந்த வீட்டில் உன் இடம் மாறாது என்று வாய்விட்டுச் சொல்வதற்கும் பெற்றோரை விட்டால் ஆள் கிடையாது. கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டையும் பற்றியதுதான்.

தமிழ்நாடு பாடத்திட்டத்தை வைத்தே எழுதுகிறேன். சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்குத் தேதிகளும் மதிப்பெண் முறையும் வேறுபடும். வீட்டில் செய்ய வேண்டியவற்றில் வேறுபாடு அதிகம் இல்லை.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

தேர்வு முறை தெரியாத பெற்றோர்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் பிள்ளைக்கும் போய்ச் சேர்கிறது. பத்தாம் வகுப்பில் 5 பாடங்கள், 500 மதிப்பெண். தேர்ச்சிக்கு ஒவ்வொரு பாடத்திலும் 35 வேண்டும். அறிவியலுக்கு மட்டும் எழுத்துத் தேர்வு 75, மீதி 25 செய்முறை. பிளஸ் டூவில் 6 பாடங்கள், 600 மதிப்பெண். இயற்பியல், வேதியியல் போன்ற செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடங்களில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. ஒவ்வொரு பாடத்திலும் இவையெல்லாம் சேர்த்து 35 வேண்டும். அதோடு எழுத்துத் தேர்வில் 70க்கு 15, அல்லது 90க்கு 25 குறையாமல் எடுத்திருக்க வேண்டும்.

இது தெரிந்திருந்தால் என்ன பயன்? "இயற்பியலில் கண்டிப்பாகத் தோற்றுவிடுவேன்" என்று பிப்ரவரியில் ஒரு பெண் அழுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள். செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் சேர்த்து 30க்கு 25 வந்திருந்தால், எழுத்துத் தேர்வில் 15 எடுத்தாலே தேர்ச்சி என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். 70க்கு 15 என்பதைக் கண்ணால் பார்த்ததும் அழுகை நின்று, எந்தப் பாடத்திலிருந்து அந்த 15 வரும் என்ற கேள்வி வரும். அதன்பிறகு படிப்பு தானாக நடக்கும்.

பத்தாம் வகுப்புக் கணிதத்திலும் இப்படித்தான். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கடைசியில் வடிவியலும் வரைபடமுமாக இரண்டு எட்டு மதிப்பெண் வினாக்கள், 16. கணக்கே வராது என்று சொல்லும் பிள்ளைகூடப் பயிற்சியால் இந்த 30ஐ நெருங்கலாம். வடிவியல் கைப்பழக்கம். வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரைவதை நாளுக்கு ஒன்று என்று ஒரு வாரம் வரையச் சொல்லுங்கள். பென்சில் கூராக இருக்கிறதா, கவராயத்தின் திருகு தளர்ந்து ஆரம் மாறிவிடுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தளர்ந்த கவராயத்தால் மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் உண்டு. புதிதாக ஒன்று வாங்கப் பெரிய செலவில்லை.

பார்வைக் குறைபாடு, கற்றல் குறைபாடு, கை எலும்பு முறிவு போன்றவை இருந்தால் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றிதழோடு பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தேர்வுக்கு முந்தைய வாரம் கேட்டால் நடக்காது. தலைமை ஆசிரியரை ஜனவரியிலேயே பாருங்கள்.

ஜனவரியில் ஒரு பேச்சு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மதிப்பெண் குறைந்தால் என்ன செய்வோம் என்பதைத் தேர்வுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

"இப்போதே தோல்வியைப் பற்றிப் பேசினால் பிள்ளை அலட்சியமாகிவிடும்" என்று பலர் தயங்குகிறார்கள். பதினைந்து, பதினேழு வயதுப் பிள்ளை தோல்வியைப் பற்றி உங்களைவிட அதிகமாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறது. தனியாக யோசிக்கிறது, இரவில் யோசிக்கிறது. அந்தப் பயத்தை நீங்களே எடுத்துப் பேசினால் பாதி பாரம் இறங்கும்.

எதிரெதிரே உட்காரவைத்து விசாரணை போல் பேசாதீர்கள். மொட்டை மாடியில் துணி மடிக்கும்போதோ, டியூஷனிலிருந்து வண்டியில் அழைத்து வரும்போதோ பேசுங்கள். முகத்தைப் பார்க்காமல் பேசும்போது இந்த வயதுப் பிள்ளைகள் அதிகம் பேசுவார்கள். "உன் கணக்குப்படி எந்தப் பாடத்தில் எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். சொல்லும் எண்ணை உடனே உயர்த்தாதீர்கள். திருப்புதல் தேர்வில் 52 எடுத்த பிள்ளை 60 என்று சொன்னால் அது நேர்மையான இலக்கு, "ஏன் 90 இல்லை?" என்ற கேள்வி அந்த நேர்மையைக் கொன்றுவிடும். அடுத்தமுறை உங்களுக்குப் பிடித்த எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடும்.

பிறகு மாற்று வழிகளை விவரமாகப் பேசுங்கள். ஒரு பாடத்தில் தவறினால் துணைத் தேர்வு இருக்கிறது, அந்தப் பாடத்தை மட்டும் எழுதினால் போதும், ஓராண்டு வீணாகாது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. இருக்கின்றன. பாலிடெக்னிக் முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேர்கிறார்கள். பிளஸ் டூ பிள்ளைக்குப் பொறியியல் கட் ஆஃப் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பொறியியல் மட்டுமே நோக்கமாக உள்ள பிள்ளை, ஆங்கிலத்தில் 80 வருமா 85 வருமா என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருப்பதையும் அந்தப் பிள்ளைகள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் இந்தப் பேச்சில் வரவே கூடாது. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் தமிழ்நாடு அரசே நிறுத்திவிட்டது. அரசு விட்டுவிட்ட ஒன்றைச் சித்தப்பா வீட்டு வாட்ஸ்அப் குழுவில் நாம் தொடர்ந்து நடத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

வீட்டைத் தயார் செய்தல்

தனி அறை எல்லோர் வீட்டிலும் இருக்காது. வேண்டியது தினமும் மாறாத ஓர் இடமும் நல்ல வெளிச்சமும்தான். மாலை ஏழு முதல் ஒன்பது வரை தொலைக்காட்சி கிடையாது என்றால் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் கிடையாது. தேர்வு மாதங்களில் ஐ.பி.எல். வந்துவிடும், அடுத்த அறையில் கைதட்டல் கேட்கும்போது எந்தப் பிள்ளையாலும் உட்கார்ந்து படிக்க முடியாது.

செல்போனைப் பிடுங்குவதால் சண்டை மட்டுமே மிஞ்சும். பள்ளிக் குழுவில் வரும் குறிப்புகளும் அதில்தான் இருக்கின்றன. படிக்கும் நேரத்திலும் இரவு தூங்கும்போதும் எல்லோருடைய போனும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும், உங்களுடையதும்.

பங்குனி, சித்திரை என்றால் கோயில் திருவிழாக்களும் ஒலிபெருக்கியும் சேர்ந்தே வரும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை உண்டு. விழாக் குழுவினரிடம் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் தெருவில் இத்தனை பேர் என்று நான்கு பெற்றோராகச் சேர்ந்து முன்கூட்டியே சொல்லுங்கள்; பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். கேட்காவிட்டால் காவல் துறையின் 100 எண் இருக்கிறது. உறவினர் வருகை, வெளியூர்க் கல்யாணம், காதுகுத்து ஆகியவற்றுக்கு இந்த முறை வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் போய்வரட்டும்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள்

"என் பையன் இரவு ஒரு மணி வரை படிக்கிறான், திரும்ப நான்கு மணிக்கு எழுந்துவிடுகிறான்" என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்தது மூளையில் ஊன்றி நிற்பது தூக்கத்தில்தான். மூன்று மணி நேரம் தூங்கிய பிள்ளை, முந்தின நாள் நன்றாகத் தெரிந்திருந்த சூத்திரத்தையே தேர்வு அறையில் தேடிக்கொண்டிருக்கும். வினாத்தாளைத் தவறாகப் படிக்கும், கூட்டலில் தவறும்.

வளரிளம் பருவத்தில் உடலின் கடிகாரமே சற்றுத் தள்ளிப்போகிறது. இரவு ஒன்பதுக்குத் தூக்கம் வராது, விடியற்காலையில் எழ முடியாது. இது சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை. நாம் நான்கு மணிக்கு எழுந்து படித்தோம் என்பதால் பிள்ளையும் எழ வேண்டும் என்பதில்லை. பத்தரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் எட்டு மணி நேரம். விடியற்காலையில்தான் மண்டையில் ஏறுகிறது என்று பிள்ளை தானாகச் சொன்னால் ஒன்பதரைக்குப் படுக்கட்டும். எந்த வழியாக இருந்தாலும் சரி, மொத்தத் தூக்கம் குறையக் கூடாது.

விழித்திருக்க வேண்டும் என்று மாலையிலும் இரவிலும் காபி, டீ போட்டுக் கொடுப்பது நம் வீடுகளில் அன்பின் அடையாளமாகவே ஆகிவிட்டது. காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குக் குடித்ததில் பாதி நள்ளிரவில்கூட உடலில் இருக்கும். மாலை நான்கோடு காபியை நிறுத்திவிட்டு, இரவில் வெதுவெதுப்பான பால் கொடுங்கள்.

தேர்வு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே இந்த நேரத்துக்குப் பழக்குங்கள். முந்தின இரவு மட்டும் "சீக்கிரம் படு" என்றால் பிள்ளை இருட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

படிக்காத பெற்றோரும் பாடத்தில் உதவலாம்

ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது தெரிந்துவிட்டது போன்ற எண்ணத்தைத் தரும், அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதும் எழுதிப் பார்ப்பதும்தான் மனத்தில் நிற்கும் என்பதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. இதற்கு ஆசிரியர் தேவையில்லை, கேட்பதற்கு ஓர் ஆள் போதும்.

ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய அம்மாவாக இருந்தாலும், சமூக அறிவியல் புத்தகத்தின் பாட இறுதி வினாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கலாம். பிள்ளை சொல்லச் சொல்லப் புத்தகத்தில் விரல் வைத்துச் சரிபார்க்கலாம். தவறினால் அந்த வினாவின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. மூன்று நாள் கழித்துப் புள்ளி வைத்ததை மட்டும் மறுபடி கேளுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால், "ஒளிவிலகல் என்றால் என்ன, எனக்குப் புரியும்படி சொல்" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே கேளுங்கள். வாளித் தண்ணீரில் கரண்டி வளைந்து தெரிவதை வைத்துப் பிள்ளை விளக்கிவிட்டால் அந்தப் பாடம் தேறிவிட்டது. திக்கினால் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும்; நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

பிப்ரவரி விடுமுறை நாள் ஒன்றில் காலை சரியாக 10.15க்குப் பழைய வினாத்தாளை வைத்து மூன்று மணி நேரம் எழுதச் சொல்லுங்கள். நடுவில் கூப்பிடாதீர்கள், ஜூஸ் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து எழுதக் கைக்கும் முதுகுக்கும் பழக்கம் வேண்டும்.

உடம்பு

சாப்பாட்டில் புதிய பரிசோதனை எதுவும் வேண்டாம். இட்லி, தோசை, பருப்புச் சோறு, முட்டை, வாழைப்பழம் என்று பழகியதே போதும். கடைச் சாப்பாட்டைத் தேர்வு முடியும்வரை தள்ளிவையுங்கள். நினைவாற்றல் மாத்திரை, லேகியம் என்று விளம்பரம் வருவதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். வெயில் காலம் என்பதால் தண்ணீரும் மோரும் அதிகம் வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல், உடனே மருத்துவர். அம்மை போட்டுவிட்டால் தேர்வே போயிற்று என்று முடிவுக்கு வராதீர்கள். தலைமை ஆசிரியரிடம் சொன்னால் தனி அறையில் எழுத வழி செய்வார்கள்.

ரமலான் இப்போது பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. நோன்பு வைக்கும் பிள்ளைகளுக்குச் சஹருக்கு, அதாவது விடியலுக்கு முன் சாப்பிட, எழும் நேரமே அமைதியாகத் திருப்பிப் பார்க்க ஏற்ற நேரம். அதை ஈடுகட்டத் தேர்வு முடிந்து வந்ததும் ஒரு தூக்கம் அவசியம். தேர்வு நாளில் நோன்பு வைப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளையின் உடல்நிலை பார்த்து வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள்.

தேர்வு நாளில் மாதவிடாய் வந்துவிடுமோ என்ற கவலை பெண் பிள்ளைகளுக்கு உண்டு. அப்பாக்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக் கடையில் நேரடியாகக் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். வலி கடுமையாக இருக்கும் என்றால் என்ன மாத்திரை, எத்தனை என்று பிப்ரவரியிலேயே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பையில் கூடுதல் நாப்கினும் ஒரு உள்ளாடையும் இருக்கட்டும். அந்த நாட்களில் தனியே உட்காரவைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தத் தேர்வோடு அதை விட்டொழியுங்கள். மேசையும் விளக்கும் இல்லாத மூலையில் ஒரு பெண் வேதியியல் படிக்க முடியாது.

தேர்வு நாள்

ஹால் டிக்கெட், ஒரே நிற மையில் இரண்டு மூன்று பேனா, பென்சில், அளவுகோல், கருவிப் பெட்டி ஆகியவற்றை முந்தின மாலையே பிள்ளையே எடுத்து வைக்கட்டும். தேர்வு மையம் வேறு பள்ளியில் என்றால் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். ஒன்பதரை மணிக்குள் மையத்தில் இருப்பது நல்லது. 10 மணிக்கு வினாத்தாள் கொடுப்பார்கள், 10 நிமிடம் வாசிக்க, அடுத்த 5 நிமிடம் விடைத்தாளின் விவரங்களைச் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத. அந்த முதல் 10 நிமிடத்தில் எந்த வினாக்களை எழுதுவது என்று தேர்ந்தெடுத்துவிட்டால் பாதிப் பதற்றம் தணியும்.

பதற்றத்தில் சில பிள்ளைகள் எழுதிய விடைகள் அனைத்தையும் கோடு போட்டு அடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்வது ஒழுங்கீனமாகக் கருதப்பட்டு, அடுத்து எழுதுவதற்கே தடை வரலாம். "தவறாகத் தோன்றினாலும் அப்படியே விட்டுவிட்டு வா" என்று முன்பே சொல்லி அனுப்புங்கள்.

வாசலில் கடைசி நிமிட அறிவுரை வேண்டாம். சாமி கும்பிட்டு, திருநீறு பூசி, தோளைத் தட்டி அனுப்புங்கள்.

1.15க்குப் பிறகு

மார்ச் வெயிலில் பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோரை ஒருமுறை கவனியுங்கள். பிள்ளை வெளியே வந்ததும் பையை வாங்கும் முன் வினாத்தாளை வாங்குகிறார்கள். "ஒரு மதிப்பெண் எத்தனை சரி? ஐந்தாவதற்கு என்ன போட்டாய்?" என்று அங்கேயே தொடங்கிவிடுகிறது. மூன்று மணி நேரம் எழுதி விரல் மரத்துப் போயிருக்கும் பிள்ளை, வண்டியின் பின்னால் உட்கார்ந்து வீடு வரும்வரை தவறுகளை எண்ணிக்கொண்டு வருகிறது. மதியம் சாப்பாடு இறங்காது. அடுத்த பாடத்துக்குக் கையில் இருக்கும் நேரத்தில் பாதி முடிந்துபோன பாடத்துக்கே போய்விடும்.

தண்ணீர் பாட்டிலை நீட்டுங்கள். "எப்படி இருந்தது?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள், "சுமார்" என்று பதில் வந்தால் "சரி, வா, சாப்பிடலாம்" என்பதோடு முடித்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே விடைக் குறிப்புகள் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் வலம்வரும். எல்லாத் தேர்வும் முடியும்வரை அவற்றை யாரும் திறப்பதில்லை என்று வீட்டில் ஒரு விதி இருக்கட்டும். அழுதுகொண்டே வந்தால் அழவிடுங்கள். சமாதானம் சொல்ல அவசரப்படாதீர்கள், பக்கத்தில் இருங்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

தேர்வுப் பயம் இயல்பு. ஆனால் தொடர்ந்து பல நாள் தூங்காமலோ சாப்பிடாமலோ இருப்பது, நண்பர்களிடமும் பேசாமல் ஒதுங்குவது, தனக்குப் பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு ஆகியவற்றை ஒருபோதும் வெறும் பேச்சு என்று தள்ளாதீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளைக்குக் கதவு திறக்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், திட்டாதீர்கள், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல ஆலோசனைக்கான 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண், பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகியவையும் இருக்கின்றன. இவற்றைப் பிள்ளையின் போனிலும் பதிந்து வையுங்கள். விவசாயம் செய்யும் வீடுகளில் பூச்சிமருந்தையும், எல்லா வீடுகளிலும் மாத்திரைகளையும் இந்த மாதங்களில் பூட்டி, சாவியைப் பெரியவர்கள் வைத்திருங்கள். குறிப்பாக முடிவு வரும் வாரத்தில்.

முடிவு வரும் நாள்

பொதுவாக மே மாதத்தில் முடிவு வரும். தேதி அறிவித்ததும் அன்று வேலைக்கு விடுப்புப் போடுங்கள். பிள்ளை தனியாக வீட்டில் இருக்கக் கூடாது. மதிப்பெண்ணை முதலில் பார்க்க வேண்டியது பிள்ளை. யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதும் அதன் முடிவு. அத்தையும் மாமாவும் போன் செய்தால் நீங்கள் எடுத்து, "அவளே பிறகு பேசுவாள்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல மதிப்பெண் என்றாலும் அவளைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால், ஜனவரியில் பேசியதை அன்று அப்படியே நிறைவேற்ற வேண்டும். முகத்தில் தெரியும் ஏமாற்றத்தைப் பிள்ளை முதலில் பார்க்கும். ஆகவே முதலில் கட்டியணைத்துவிட்டு அப்புறம் பேசுங்கள். மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் பிளஸ் டூவுக்கு முதலில் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். நகலைப் பார்த்த பிறகு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டாமல் பணம் கட்டாதீர்கள்.

தவறியிருந்தால் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க மிகச் சில நாட்களே தருவார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பிள்ளையோடு நீங்களும் பள்ளிக்குப் போங்கள். தனியாகப் போக வெட்கப்பட்டே தேதியைத் தவறவிடும் பிள்ளைகள் உண்டு. துணைத் தேர்வில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு நடக்கிறது. திருப்புதல் தேர்வு விடைத்தாள்கள் வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துச் சென்று பாட ஆசிரியரிடம் காட்டி, எந்த மூன்று நான்கு பாடங்களை முதலில் முடிப்பது என்று எழுதி வாங்கி வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லாதீர்கள். படிப்பு மறுநாள் தொடங்கட்டும்.